தசையில் பலம் மிச்சமிருக்கும்போதே ஏன் நின்றுவிடுகிறோம்?

கோவாவில் நடக்கும் பாதித் தூர அயர்ன்மேன் போட்டிக்குத் தயாராகிவரும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மனசு வைத்தால் முடியும்னு பயிற்சியாளர் தினமும் சொல்றார், இதுல அறிவியல் ஏதாவது இருக்கா?" இருக்கிறது. அந்தப் பழைய வாசகத்தைவிட அதன் பின்னாலிருக்கும் விஷயம் பல மடங்கு சுவையானது.

முழு அயர்ன்மேன் என்றால் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதையெல்லாம் முடித்தபிறகு 42.2 கி.மீ. மாரத்தான். ஹவாய்த் தீவின் கோனாவில், எரிமலைக்குழம்பு உறைந்து கருத்துக்கிடக்கும் வெளியில், வெயிலும் குறுக்குக்காற்றும் வாட்ட நடக்கும் உலகச் சாம்பியன் போட்டியை பிரிட்டனின் கிறிஸ்ஸி வெலிங்டன் நான்கு முறை வென்றார்: 2007, 2008, 2009, 2011. அதற்குமுன் அவர் அரசின் சுற்றுச்சூழல் துறையில் வேலை பார்த்தவர், நேபாளத்தில் குடிநீர், சுகாதாரத் திட்டமொன்றில் இருந்தவர். தொழில்முறை வீராங்கனையான முதல் ஆண்டிலேயே கோனாவில் ஜெயித்துவிட்டார். அயர்ன்மேன் தூரத்தில் மொத்தம் 13 போட்டிகளில் இறங்கி பதின்மூன்றிலும் வெற்றி.

2008இல் நடந்ததைப் பாருங்கள். சைக்கிள் பஞ்சர். ட்யூபை மாற்றிவிட்டார், காற்றடிக்கக் கொண்டுவந்திருந்த கார்பன் டை ஆக்சைடு குப்பி வீணாகிப் போனது. போட்டியாளர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப்போக, சாலையோரம் நின்று உதவி கேட்க வேண்டிய நிலை. ஆஸ்திரேலியாவின் ரெபெக்கா கீட் தன் குப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார் (எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த ஆள் இவர்தான்). வெலிங்டன் மறுபடி ஏறி மிதித்து, எல்லோரையும் பிடித்து, ஏறத்தாழ கால் மணி நேர இடைவெளியில் ஜெயித்தார்.

சரி, உடல் எப்போது நிற்கிறது? பள்ளியில் படித்தது நினைவிருக்கும்: கிளைகோஜன் (தசையில் சேமித்த சர்க்கரை) தீர்கிறது, ஆக்சிஜன் போதவில்லை, லாக்டிக் அமிலம் சேர்கிறது, தசை மறுக்கிறது. 1920களில் ஏ.வி.ஹில் போன்ற உடலியல் அறிஞர்கள் போட்ட அடித்தளம் இது. இதில் பெரும்பகுதி இன்றும் சரிதான். ஆனால் 1890களிலேயே இத்தாலியின் உடலியல் அறிஞர் ஆஞ்செலோ மோஸ்ஸோ ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார்: நாளெல்லாம் மாணவர்களுக்குத் தேர்வு நடத்திக் களைத்த பேராசிரியர்களின் விரல் தசைகூடச் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. விரலுக்கு அன்று என்ன வேலை?

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வாளர்கள் சாமுவேலே மார்க்கோராவும் வால்ட்டர் ஸ்டையானோவும் பத்து ரக்பி வீரர்களை நிலையான சைக்கிளில் ஏற்றினார்கள். சராசரியாக 242 வாட் திறனில் மிதிக்க வேண்டும், முடியாதபோது நிறுத்தலாம். பத்து நிமிடம் போல மிதித்து, இனி ஒரு சுற்றுகூட முடியாது என்று நின்றார்கள். நின்ற கையோடு, ஐந்தே ஐந்து விநாடி முழுபலத்தோடு மிதிக்கச் சொன்னார்கள். வந்த திறன் சராசரியாக 731 வாட்! 242 முடியாது என்று சொன்ன அதே கால்கள், அடுத்த நொடியில் அதைப்போல மூன்று மடங்கு கொடுத்தன. களைப்பில்லாதபோது அவர்களால் ஆயிரத்துக்கு மேல் கொடுக்க முடிந்தது, ஆக தசை களைத்தது உண்மை. நிற்கவேண்டிய அளவுக்கு அது களைக்கவில்லை. ஐந்து விநாடி வேறு, பத்து நிமிடம் வேறு என்று மறுத்த ஆய்வாளர்களும் உண்டு, அந்த மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த 731ஐ முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அப்படியானால் நிறுத்தியது எது? "இது ரொம்பக் கஷ்டம்" என்ற உணர்வு, அதாவது முயற்சியுணர்வு என்கிறார் மார்க்கோரா. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் அழகு. தசையிலிருந்து மேலே வரும் செய்தி என்றுதான் நாம் நினைப்போம். அவர் சொல்வது வேறு. மூளையின் இயக்கப் பகுதி தசைக்கு "சுருங்கு" என்று கட்டளை அனுப்பும்போது, அலுவலகத்தில் ஆணையின் நகலொன்று கோப்பில் போவதைப்போல, அந்தக் கட்டளையின் பிரதி ஒன்று மூளையின் உணர்வுப் பகுதிகளுக்கும் போகிறது. கட்டளை எவ்வளவு பலமோ அவ்வளவு கஷ்டமாகத் தெரியும். தசை களைக்கக் களைக்க அதே வேகத்துக்கு இன்னும் பலமான கட்டளை தேவைப்படுகிறது, பிரதியும் தடிமனாகிறது, முப்பதாவது கிலோமீட்டரில் அதே வேகம் மலையேறுவதுபோல ஆகிறது. தசைகளை மருந்தால் லேசாகத் தளர்த்திவிட்டால் அதே எடை அதிகக் கனமாகத் தோன்றுவதும் இதனால்தான்: எடை கூடவில்லை, கட்டளை கூடியிருக்கிறது.

மார்க்கோராவின் குழு 2009இல் இதை இன்னொரு பக்கமிருந்தும் சோதித்தது. 90 நிமிடம் கணினியில் கவனத்தைப் பிழியும் வேலையைக் கொடுத்துவிட்டு மிதிக்கச் சொன்னார்கள். வழக்கத்தைவிட 15 சதவீதம் சீக்கிரம் கைவிட்டார்கள். இதயத்துடிப்பு, ஆக்சிஜன் செலவு எதிலும் சொல்லத்தக்க மாற்றமில்லை. கஷ்டம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே கூடுதலாகத் தெரிந்தது. மோஸ்ஸோவின் பேராசிரியர்களேதான்.

இந்தக் கணக்கில் மன உறுதிக்கு ஒரு துல்லியமான இடம் கிடைக்கிறது. எவ்வளவு கஷ்டம் வரை போகத் தயார் என்று ஒவ்வொருவருக்குள்ளும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது, அதுதான் ஊக்கம். முயற்சியுணர்வு ஏறி அந்த வரம்பைத் தொட்டதும் நின்றுவிடுகிறோம். ஆக வழி இரண்டு: வரம்பை உயர்த்து, அல்லது உணர்வைத் தாழ்த்து. முன்னதற்குக் காரணம் வேண்டும், ஏன் ஓடுகிறேன் என்பதற்கு மனசு நம்பும் ஒரு பதில். பின்னதைப் பழகிக்கொள்ளலாம். வெலிங்டன் ஓட்டம் முழுக்கச் சிரித்த முகத்தோடு இருப்பதைப் பலர் வெறும் சுபாவம் என்று விட்டுவிட்டார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், முகம் சுளித்து ஓடியதைவிடச் சிரித்தபடி ஓடியபோது அதே வேகத்துக்கு ஆக்சிஜன் செலவு இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைந்தது. எட்டு, ஒன்பது மணி நேரப் போட்டியில் இரண்டு சதவீதம் சின்ன விஷயமா?

இதற்கும் எல்லை உண்டு. 2009இல் மார்க்கஸ் அமானின் குழு, சைக்கிள் வீரர்களின் முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி, கால்களிலிருந்து வரும் செய்திகளைத் தடுத்துவிட்டது. ஆரம்பத்தில் பறந்தார்கள், கடைசியில் நேரம் ஒன்றும் மிச்சமாகவில்லை, சிலரால் இறங்கி நிற்கக்கூட முடியவில்லை. உடல் அனுப்பும் எச்சரிக்கை விரயமில்லை. 2010இல் போட்டி நாள் காலையில் உடம்பு சரியில்லை என்று வெலிங்டனே கோனாவிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு, இரண்டு வாரம் முன்பு சைக்கிளிலிருந்து விழுந்த காயங்களோடு வந்து வென்றார். எதில் நிற்கவேண்டும், எதில் நிற்கக்கூடாது என்று பிரித்தறிவதும் சாம்பியனின் மனநிலைதான். "மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோம், மிச்சத்தைத் திறந்துவிடுகிறேன்" என்று பயிலரங்கு நடத்திக் காசு வாங்குகிறவர்கள்மேல் எனக்குக் கடுங்கோபமே உண்டு, அது பொய். வெப்பத்தாக்கு வரும்வரை ஓடு என்று தூண்டுவது ஆபத்தும்கூட.

இத்தனைக்கும் இந்த ஆய்வுகளுக்குத் தேவைப்பட்டது நிலையான சைக்கிள், கணினி, கொஞ்சம் அளவுக்கருவிகள். நம் உடற்கல்விப் பல்கலைக்கழகங்களில் இதற்கு ஆளும் உண்டு, ஆர்வமும் உண்டு. சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் ஓடுகிற உடலில் முயற்சியுணர்வு எப்படி ஏறுகிறது என்பது நாம் கேட்கவேண்டிய கேள்வி. விளையாட்டரங்குக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு துளியை இதற்குக் கொடுத்தால் போதும்.

இனி அந்த வாசகருக்கு. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேரில் ஒரு பாதிக்கு, தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்துப் பழகச் சொன்னார்கள். தாக்குப்பிடித்த நேரம் 18 சதவீதம் கூடியது, கஷ்டமும் குறைவாகத் தெரிந்தது. நீங்களும் நடுவழிக்கு ஒன்று, கடைசிக் கட்டத்துக்கு ஒன்று எனத் தேர்ந்தெடுங்கள். சொந்தப் பேச்சில், சின்னதாக இருக்கட்டும். "இன்னும் தெம்பு இருக்கு" போதும். நீண்ட பயிற்சி ஓட்டங்களில் சொல்லிப் பாருங்கள், ஒட்டாததை மாற்றுங்கள், போட்டி நாளில் முதல்முறையாக முயலாதீர்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களுக்குப் பழகக் கிடைத்தது இரண்டு வாரம்தான்.