விதிப்புத்தகம் புரியவில்லையா? முதலில் பக்கத்தைப் பாருங்கள்

வாசிப்புச் சிரமம் உள்ள பதின்வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்யும் சிறப்புக் கல்வியாளர் நான். அவர்களில் சிலருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான விளையாட்டுகள் என்றால் கொள்ளை ஆசை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு அது. கதை சொல்வதில் இந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் விதிப்புத்தகத்தைத் திறந்ததும், "எனக்குப் புரியாது மிஸ், நீங்களே சொல்லிடுங்க" என்று தள்ளி வைத்துவிடுகிறார்கள். "இவனுக்குப் படிக்க வராது" என்று வீட்டிலும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பக்கம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்காமல் அப்படிச் சொல்வது அநியாயம்.

ஒரே ஒரு மந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 2014ஆம் ஆண்டு வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர் கையேடு 320 பக்கம். அதில் ஃபயர்பால் (நெருப்புக் குண்டு) என்ற பிரபலமான மந்திரம் இருக்கிறது. மந்திரவாதிக்கு அது உண்டா என்று பார்க்க ஒரு பட்டியல். விளக்கமோ எல்லாருடைய மந்திரங்களோடும் சேர்ந்து அகரவரிசையில் பல பக்கங்கள் தள்ளி. அங்கே போனால் 150 அடி தூரம், 20 அடி ஆரம், எட்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி வரும் அளவு சேதம், எதிராளி தப்பிக்கும் உருட்டலில் ஜெயித்தால் பாதிச் சேதம். தப்பிக்கும் உருட்டல் என்றால் என்ன என்பது வேறொரு அத்தியாயத்தில். இது மூன்றாம் லெவல் மந்திரம்; ஆனால் மந்திரவாதி ஐந்தாம் லெவலுக்கு வந்தால்தான் கிடைக்கும். ஒரே சொல், இரண்டு கணக்கு. டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளை எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவே பாதி சக்தியைச் செலவழித்துவிடும். மீதியை வைத்துக்கொண்டு மூன்று இடங்களில் கிடக்கும் தகவலை மனதில் பிடித்து நிறுத்துவது எப்படி? கவனக்குறைபாடு உள்ள பிள்ளை பக்கம் புரட்டும் வழியில் இன்னொரு மந்திரத்தில் லயித்துவிடும். 2024 பதிப்பில் பட்டியலை மந்திரவாதி போன்ற அந்தந்தப் பாத்திர வகுப்போடு சேர்த்துவிட்டு, கடைசியில் விதிச்சொற்களுக்குத் தனி அகராதியும் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய நிம்மதி!

எழுத்துரு பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். டிஸ்லெக்ஸியாவுக்கென்றே வடிவமைத்த எழுத்துருக்களால் வாசிப்பு மேம்படுகிறது என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. எழுத்தின் அளவும் இடைவெளியும் அதைவிட முக்கியம். பிரிட்டிஷ் டிஸ்லெக்ஸியா சங்கம் 12 முதல் 14 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவையும், இடப்பக்கம் மட்டும் நேராக அமைத்த வரிகளையும் பரிந்துரைக்கிறது. இந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை அதைவிடப் பொடி எழுத்தில், செய்தித்தாள் போல நெடுக்காகப் பிரித்த இரண்டு பத்திகளாக, பழைய தோல்சுவடி போன்ற பின்னணியில் அச்சாகின்றன. பார்க்க அழகு. பார்வை குறைந்தவர் திரையில் பெரிதாக்கினால், ஒரு பத்தியின் அடிவரை இறங்கி, மறுபடி மேலேறி அடுத்த பத்தியைத் தேட வேண்டும்.

ஆட்டிசம் உள்ள வாசகருக்கு வேறு சங்கடம். "ஆட்டத்தை நடத்துபவர் முடிவு செய்யட்டும்" என்ற வரியில் அவர் நின்றுவிடுவார். எதை வைத்து முடிவு செய்வது? இரண்டு உதாரணம் கொடுத்தால் போதும், தயக்கம் போய்விடும். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலம் கற்ற பிள்ளைக்கும் அதே உதாரணங்கள்தான் கைகொடுக்கின்றன. பழைய பாணி வர்ணனைக்குள் விதி ஒளிந்திருந்தால், எது கதை, எது விதி என்று பிரிக்கவே அதற்கு நேரமாகிவிடும்.

இதெல்லாம் இன்று புதிதாகத் தெரிந்த விஷயம் அல்ல. 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பதிப்பு, போர் விளையாட்டுகளில் ஊறியவர்களுக்காக எழுதப்பட்டது, புதியவர்கள் திணறினார்கள். 1977இல் எரிக் ஹோம்ஸ் அதைப் புதியவர்களுக்காகத் திருத்தி எழுதினார். அவர் தொழிலால் ஒரு நரம்பியல் மருத்துவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1983இல் ஃபிராங்க் மென்ட்சர் இன்னும் ஒரு படி போனார்: வாசகரையே ஒரு சிறு கதைக்குள் இறக்கி, பாம்போடு சண்டை போட வைத்து, அதன் வழியாகவே விதிகளைச் சொல்லிக்கொடுத்தார்.

ஆனால் கற்றுக்கொள்ள உதவும் புத்தகம், ஆட்டத்தின் நடுவே தேட உதவாது. 2019இல் வந்த ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்ற இதே வகை விளையாட்டின் புத்தகம், ஒரு விஷயத்துக்கு வேண்டியதையெல்லாம் எதிரெதிர்ப் பக்கங்களில் சுருக்கமாக அடக்கிவிடுகிறது. ஆட்டம் தெரிந்தவருக்கு வரம். முதல்முறை படிப்பவருக்கு அது வறட்சியாகத் தோன்றலாம். அதனால் எல்லாருக்கும் ஒரே புத்தகம் என்ற தேடலை நான் விட்டுவிட்டேன். ஒரே விதிக்கு இரண்டு வடிவம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஸ்வீடனின் மோர்க் போர்க் என்ற விளையாட்டு இதைச் செய்திருக்கிறது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள், தாறுமாறான எழுத்துகள் என்று முழுப் புத்தகமும் ஒரு கலைப்படைப்பு. கூடவே வெறும் விதிகளை மட்டும் கொண்ட எளிய பதிப்பையும் இலவசமாகத் தந்திருக்கிறார்கள்.

பார்வையற்ற நண்பர் உங்கள் மேஜையில் இருந்தால், பிடிஎஃப் வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு முழுப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். இரண்டு பத்திகளும் கலந்து, நடுவே பெட்டிச்செய்தி நுழைந்து, அட்டவணையின் எண்கள் சிதறி வந்தால், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரிலும் அநேகமாக அப்படித்தான் ஒலிக்கும். பதிப்பாளருக்கு அந்தப் பக்க எண்ணோடு எழுதிக் கேளுங்கள். அதுவரை, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு: 2023 ஜனவரியில் அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் விட்டிருக்கிறார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு, உங்கள் பிள்ளைக்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுத்து, 14 புள்ளியில், ஒரே பத்தியாக, மந்திரத்துக்கு ஒரு தாள் என்று அச்சிட்டுக்கொள்ளலாம். தமிழில் எழுதியும் கொடுக்கலாம்.