பி.எஸ்.என். படிப்பில் சேரும் முன் கிரெடிட் கணக்கை எழுத்தில் கேளுங்கள்

இரவுப் பணியை ஒப்படைக்க அரை மணி நேரமே இருந்த வேளையில், எங்கள் மருத்துவமனையின் இதயநோய்ப் பிரிவில் பணிபுரியும் தமிழ்ச் செவிலியர் ஒருவர் தம் அலைபேசியை என் முன் நீட்டினார். "அக்கா, பன்னிரண்டு மாசத்துல முடிச்சிரலாங்கிறாங்க. இன்னிக்குள்ள சேர்ந்தா விண்ணப்பக் கட்டணம் கிடையாதாம். சேர்ந்துரட்டுமா?" திரையில் இருந்தது, வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் படிக்கும் பி.எஸ்.என். என்ற செவிலிய இளநிலைப் பட்டத்துக்கான விளம்பரம். ஊரில் நீங்கள் படித்த ஜி.என்.எம். என்ற செவிலியப் பட்டயப் படிப்புக்கு, இங்கே படிக்க வேண்டியதில் எத்தனை கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் அலகு) கழித்துத் தருவதாக அவர்கள் எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் விழித்தார். தொலைபேசியில் பேசியவர் "நிறையவே கிடைக்கும்" என்று சொன்னாராம்.

டெக்சாஸில் மருத்துவமனைச் செவிலியர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் வேலை. நானும் தமிழ்நாட்டில் ஜி.என்.எம். முடித்து, இங்கே என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வை எழுதி ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) உரிமம் பெற்று, பல ஆண்டுகள் கழித்து இணையவழியில் பட்டம் வாங்கியவள்தான். "நிறையவே கிடைக்கும்" என்ற அதே வாக்கை நம்பி ஒரு கல்லூரியில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு வந்த மதிப்பீட்டைப் பார்த்துத் திகைத்தவள் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஆர்.என். உரிமத்துக்கு மூன்று வழிகள் உள்ளன: மருத்துவமனை சார்ந்த டிப்ளமோ, சமுதாயக் கல்லூரியின் இரண்டாண்டு அசோசியேட் பட்டம், நான்காண்டு இளநிலைப் பட்டம். மூவரும் எழுதுவது ஒரே தேர்வு, பெறுவது ஒரே உரிமம். பிறகு பட்டம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் (Institute of Medicine) 2010இல் வெளியிட்ட அறிக்கை, 2020க்குள் செவிலியரில் 80 சதவீதத்தினர் இளநிலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, 2003இல், பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா ஐக்கன் குழுவினர், பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருக்கும் இடங்களில், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைந்திருப்பதைக் காட்டினர். செவிலியத் தரத்துக்காக வழங்கப்படும் மேக்னெட் தகுதியைப் பெற்ற மருத்துவமனைகளில் செவிலிய மேலாளர் பதவிக்குச் செவிலியப் பட்டம் கட்டாயம். நியூயார்க் மாநிலமோ 2017 டிசம்பரில் சட்டமே இயற்றிவிட்டது: புதிதாக உரிமம் பெறுவோர் பத்து ஆண்டுகளுக்குள் இளநிலைப் பட்டம் முடிக்க வேண்டும், அதற்கு முன்பே உரிமம் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே பட்டம் வேண்டுமா என்பதில் எனக்குப் பெரிய ஐயம் இல்லை. எங்கே, எப்போது, என்ன விலைக்கு என்பதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது தர அங்கீகாரம். கல்லூரிக்கு ஒன்று, அதன் செவிலியப் படிப்புக்குத் தனியாக ஒன்று என இரண்டு அங்கீகாரங்கள் இருக்க வேண்டும். செவிலியப் படிப்புக்கு அதை வழங்குபவை சி.சி.என்.இ., ஏ.சி.இ.என்., தேசியச் செவிலியக் கல்விக் கூட்டமைப்பைச் சார்ந்த சி.என்.இ.ஏ. ஆகிய அமைப்புகள். கல்லூரியின் இணையதளத்தில் இருக்கும் முத்திரையைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாமல், அங்கீகாரம் தரும் அமைப்பின் தளத்துக்கே சென்று, அந்தப் படிப்பின் பெயரைத் தேடி, இப்போதைய நிலை என்ன, அடுத்த மறு ஆய்வு எந்த ஆண்டு என்று பாருங்கள். "விண்ணப்ப நிலையில் உள்ளது" என்பது அங்கீகாரம் ஆகாது. அங்கீகாரம் இல்லாத பட்டத்தை முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் ஏற்பதில்லை. முதுநிலைப் படிப்புகளின் வாசலும் பெரும்பாலும் அங்கேயே அடைபட்டுவிடும்.

அங்கீகாரம் பெற்ற இடங்களிலும் அசிங்கங்கள் நடந்திருக்கின்றன. 2023 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த ஃபுளோரிடா வழக்கில், செவிலியப் பள்ளிகள் சிலவற்றின் பெயரால் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாகக் கூறி 25 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஆபரேஷன் நைட்டிங்கேல் என்று அந்த விசாரணைக்குப் பெயர். வகுப்பும் இல்லாமல் பணியிடப் பயிற்சியும் இல்லாமல் தாளை மட்டும் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது சலுகை என்று எண்ணிவிடாதீர்கள். உழைத்துப் பெற்ற உங்கள் உரிமத்துக்கே அது உலை வைக்கும்.

இனி கிரெடிட் கணக்கு. இங்கே இளநிலைப் பட்டம் என்பது பொதுவாக 120 கிரெடிட். செயலில் உள்ள ஆர்.என். உரிமத்துக்காகவே பல கல்லூரிகள் ஒரு தொகுப்பாகக் கிரெடிட் தருகின்றன. முந்தைய கல்லூரிப் பாடங்களுக்கும் கழித்துத் தருகின்றன. ஆனால் அங்கேயே படித்தாக வேண்டிய குறைந்தபட்ச அளவு ஒன்று உண்டு, அது பெரும்பாலும் முப்பதை ஒட்டியிருக்கும். விளம்பரத்தில் வரும் "பன்னிரண்டு மாதம்" என்பது அந்த முப்பது கிரெடிட் மட்டுமே மீதம் இருப்பவருக்கான கணக்கு. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் ஆங்கிலம், உளவியல், உடற்கூறு, புள்ளியியல் எல்லாம் முடித்து அசோசியேட் பட்டம் வாங்கியவருக்கு அது பொருந்தக்கூடும். நமக்கு எளிதில் பொருந்தாது.

காரணம், ஜி.என்.எம். பல்கலைக்கழகப் பட்டயம் அன்று. மூன்றோ மூன்றரையோ ஆண்டுகள் வார்டிலும் வகுப்பிலும் நாம் உழைத்தது உண்மைதான்; ஆனால் நம் மதிப்பெண் பட்டியலில் இருப்பவை மணிக்கணக்குகளே தவிர, கிரெடிட்டுகள் அல்ல. அந்த மணிகளை இந்நாட்டுக் கிரெடிட்டாக மாற்றி எழுத, டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. அவை தரும் அறிக்கைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆவணம் உண்மையானதா, எந்தப் படிப்புக்கு இணையானது என்று மட்டும் சொல்லும். மற்றொன்று, பாடவாரியாக ஒவ்வொன்றுக்கும் கிரெடிட்டும் கிரேடும் குறித்துத் தரும். முதலாவது விலை குறைவு என்று நான் அதற்குப் பணம் கட்டினேன். கல்லூரி அதை ஏற்கவில்லை. மறுபடியும் பணம், மறுபடியும் ஊரிலுள்ள பள்ளிக்குக் கடிதம் என்று ஒரு பருவமே போயிற்று. நமக்கு வேண்டியது பாடவாரி அறிக்கை. எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்பதையும் சேரப்போகும் கல்லூரியிடமே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"விசா ஸ்கிரீன் சான்றிதழ்தான் கையில் இருக்கிறதே, அது போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. குடியேற்றத்துக்காக உங்கள் கல்வியும் உரிமமும் ஆங்கிலமும் தகுதியானவையா என்று சரிபார்க்கும் சான்று அது. அதில் பாடவாரிக் கிரெடிட் எதுவும் இராது. அந்தச் சமயத்தில் உங்கள் செவிலியப் பள்ளி நிரப்பி அனுப்பிய மணிக்கணக்குப் படிவத்தின் நகல் இருந்தால் மட்டும் பத்திரப்படுத்துங்கள். பள்ளியில் முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கி அனுப்பச் சொல்வதற்கு ஊரில் யாராவது நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும். பள்ளி மூடப்பட்டிருந்தால், மாநிலச் செவிலியர் கவுன்சிலின் படிகளில் அவர் ஏறி இறங்க வேண்டியிருக்கும். எனக்காக ஏறி இறங்கியவர் என் சித்தப்பா.

அறிக்கை வந்த பிறகு கல்லூரி தரும் மதிப்பீட்டுத் தாளை நிதானமாகப் படியுங்கள். இடப்பக்கம் நீங்கள் படித்த பாடம், நடுவில் அதற்கு ஏற்கப்பட்ட கிரெடிட், வலப்பக்கம் அது எந்தத் தேவையை நிறைவு செய்கிறது என்று இருக்கும். சூட்சுமம் வலப்பக்கத்தில்தான். என் தாளில் மகப்பேறு, மருத்துவ-அறுவைச் செவிலியம், சமுதாய நலம் என்று வரிசையாகக் கிரெடிட் ஏற்கப்பட்டிருந்தது. ஆனால் பலவற்றுக்கு நேரே "பொது விருப்பப் பாடம்" என்று எழுதியிருந்தார்கள். விருப்பப் பாடத்துக்கு இத்தனைதான் என்று ஓர் எல்லை இருந்ததால், மிஞ்சியவை இருந்தும் இல்லாத கணக்காயின. புள்ளியியல், ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி, அமெரிக்க வரலாறு ஆகியவற்றின் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. எத்தனை கிரெடிட் ஏற்கிறார்கள் என்று மட்டும் கேட்டால் பெரிய எண் ஒன்றைச் சொல்வார்கள். பட்டத்துக்கு இன்னும் எத்தனை மீதம் என்று கேட்டால்தான் உண்மை வரும். வெறுமையாக இருக்கும் பொதுப்பாடங்கள் சிலவற்றைப் பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் குறைந்த செலவில் படிக்கலாம். உளவியல், சமூகவியல் போன்றவற்றுக்கு கிளெப் தேர்வு எழுதியும் கிரெடிட் பெறலாம், சேரும் கல்லூரி ஏற்குமானால்.

அடுத்தது பிராக்டிகம், அதாவது நேரடிப் பணியிடப் பயிற்சி. இணையவழி என்றால் வீட்டை விட்டு நகரவே வேண்டாம் என்று நினைத்துச் சேர்பவர்கள் தடுமாறும் இடம் இது. ஏற்கெனவே உரிமம் பெற்றவர்களுக்கான படிப்பிலும் திட்டமிட்ட பயிற்சி அனுபவம் இருக்க வேண்டும் என்று சி.சி.என்.இ. எதிர்பார்க்கிறது. இதற்கான இடத்தையும் வழிகாட்டும் செவிலியரையும் யார் தேடித் தருவது? பெரும்பாலும் மாணவர்தான். எங்கள் பகுதிக் கோவிலின் உணவுக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் முதியவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்த்து, ஊறுகாயிலும் அப்பளத்திலும் போகும் உப்பைக் கணக்கிட்டுச் சொல்வதை என் சமுதாய நலப் பயிற்சியாக வைத்துக்கொண்டேன். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று ஒரு பாட்டி என் விளக்க அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதையும் அறிக்கையில் எழுதினேன், பேராசிரியர் அந்தப் பகுதிக்கே அதிக மதிப்பெண் போட்டார். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் இந்த விஷயத்தில் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே பொதுச் சுகாதாரச் செவிலியர் சான்று பெற, மேற்பார்வையுடன் கூடிய 90 மணி நேரப் பயிற்சி வேண்டும். வேறு மாநிலத்துக் கல்லூரியின் படிப்பில் அது இல்லாவிட்டால், பட்டம் கிடைத்தும் சான்று கிடைக்காது. மாநில எல்லைகளைத் தாண்டி இணையவழிக் கல்வி அளிப்பதற்கான சாரா ஒப்பந்தத்திலும் கலிஃபோர்னியா சேரவில்லை என்பதால், அங்கிருந்து மாணவர்களைச் சேர்க்கிறீர்களா என்று கல்லூரியிடம் நேரடியாகவே கேட்டுவிட வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு செய்தி. வேலை தருபவர் கல்விக்காகத் தரும் உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரி இல்லை. இது நாட்காட்டி ஆண்டுக் கணக்கு. ஜனவரியில் தொடங்கி டிசம்பருக்குள் முடித்தால் ஒரு முறைதான் கிடைக்கும். அதே படிப்பை ஆகஸ்டில் தொடங்கினால் இரண்டு ஆண்டுகளின் உதவியைப் பெற வழி இருக்கிறது. உங்கள் மருத்துவமனை தரும் தொகை இதைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதால், மனிதவளத் துறையின் விதியைப் படித்துப் பாருங்கள். அதே விதியின் கடைசிப் பக்கத்தில், பட்டம் முடித்தபின் இத்தனை காலம் இங்கேயே பணியாற்றாவிட்டால் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கக்கூடும். கணவரின் வேலைக்காக ஊர் மாறும் வாய்ப்புள்ள சகோதரிகள் அதைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

படிக்கும் வேகத்தில் இரண்டு முறைகள் உண்டு. ஏழெட்டு வாரப் பருவங்களாக, கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் கல்லூரிகளே மிகுதி. வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் போன்றவை ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம் வாங்கிக்கொண்டு, தேர்ச்சியை நிரூபிக்கும் வேகத்தில் முன்னேற விடுகின்றன. தானே தன்னை விரட்டிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அது மலிவு. வாரத்துக்கு மூன்று பன்னிரண்டு மணி நேரப் பணி, வீட்டில் சிறு குழந்தை என்று இருப்பவர்களுக்கு ஆறு மாதங்கள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். நான் கெடு வைத்தால்தான் எழுதும் ரகம், அதனால் முதல் முறையையே எடுத்தேன். இரண்டாம் முறையில் எழுத்து கிரேடு இல்லாமல் தேர்ச்சி என்று மட்டும் வருவது வழக்கம். பின்னால் மயக்கவியல் செவிலியர் போன்ற போட்டி மிகுந்த மேற்படிப்புகளுக்குப் போக நினைப்பவர்கள், அந்தப் பள்ளிகள் அத்தகைய மதிப்பெண்ணை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் படிப்புகளில் சேரப் பெரும்பாலும் அமெரிக்காவில் செயலில் உள்ள ஆர்.என். உரிமம் வேண்டும். முழுதும் இணையவழியில் நடக்கும் படிப்பைக் காட்டி எஃப்-1 மாணவர் விசாவும் வாங்க முடியாது. "ஆன்லைனில் அமெரிக்க டிகிரி, பிறகு விசா" என்று பணம் கேட்பவரிடம் இந்த இரண்டையும் சொல்லிப் பாருங்கள்.

அந்தச் செவிலியர் அன்று சேரவில்லை. விண்ணப்பக் கட்டணச் சலுகை அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் இருந்தது. பாடவாரி அறிக்கையைப் பெற்று மூன்று கல்லூரிகளுக்கு அனுப்பினார். மூன்றும் மூன்று கணக்குச் சொன்னன. விளம்பரம் செய்த கல்லூரியில் அவருக்கு 57 கிரெடிட் மீதம், இன்னொன்றில் 41. இரண்டாவதில் ஆகஸ்டில் சேர்ந்திருக்கிறார், பதினெட்டு மாதங்கள் ஆகும். இப்போது இடைவேளைகளில் புள்ளியியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். திட்ட விலக்கத்தைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.