ஆபீஸ் இன்ஷூரன்ஸ் கருத்தடைக்குக் காசு தருமா?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பெண்கள் இதை என்னிடம் கேட்க வரும்போது, பில் ஏற்கெனவே வந்திருக்கும். போன மாதம் ஒருத்தி காட்டியது 1,140 டாலர். காப்பர்-டி போட்டுக்கொண்டதற்கு. ஒரு குடும்பமே நடத்தும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். “கார்டைக் காட்டித்தானே அக்கா உள்ளே போனேன்” என்றாள். கார்டில் இதெல்லாம் எழுதியிருக்காது.

2010 சுகாதாரச் சட்டப்படி, பெரும்பாலான பிளான்கள் பெண்களுக்கான கருத்தடையை கோபே (நம் கையிலிருந்து கட்டும் பங்கு) இல்லாமல் தர வேண்டும். முதலாளி மதத்தைக் காரணம் காட்டி இதிலிருந்து விலகும் சலுகை, 2014-ல் ஹாபி லாபி என்ற கம்பெனியின் வழக்கில் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் குடும்பக் கம்பெனிகளுக்கும் கிடைத்தது. 2018 விதிகள் அதை இன்னும் விரித்தன. 2025 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் ஒரு ஃபெடரல் கோர்ட் அந்த விதிகளை ரத்து செய்தது. ஆனால் ஹாபி லாபி தீர்ப்பு அதோடு போய்விடவில்லை. அதனால் அதை மட்டும் நம்பி ஆஸ்பத்திரிக்குப் போய்விடாதீர்கள்.

ஹெச்ஆரைக் கேட்டால் “இன்ஷூரன்ஸைக் கேளுங்கள்” என்பார்கள். இன்ஷூரன்ஸோ ஹெச்ஆரிடமே திருப்பி அனுப்பும். போனில் யாராவது “கவர் ஆகும்” என்றாலும் அது செல்லாக்காசு. ஈமெயிலில் கேளுங்கள். முதல் கேள்வி: பிளான் செல்ஃப்-ஃபண்டடா? ஆம் என்றால் கார்டில் பெரிய இன்ஷூரன்ஸ் பெயர் இருந்தாலும் பணம் முதலாளியுடையது. உங்கள் மாநிலச் சட்டம் அங்கே உதவாது. அடுத்தது: முதலாளி விலகியிருந்தால், இன்ஷூரன்ஸே கருத்தடைக்குத் தனியாகப் பணம் கட்டும் ஏற்பாடு உண்டா? சில இடங்களில் உண்டு, கேட்காதவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. கூடவே, பிளான் எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்று சொல்லும் ‘சம்மரி பிளான் டிஸ்கிரிப்ஷன்’ கேளுங்கள். எழுதிக் கேட்டால் 30 நாளில் தந்தாக வேண்டும். வந்ததும் நேரே ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ (பணம் தராதவை) பக்கத்துக்குப் போங்கள்.

கணவர் வழியாக இன்ஷூரன்ஸ் என்றால் பார்க்க வேண்டியது அவருடைய கம்பெனியை. கணவரின் விசாவைச் சார்ந்து ஹெச்-4 விசாவில் வந்த தோழிகள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டதும் “மதக் காரணம்” என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். பல நேரம் அது பிராண்டு தகராறு: நீங்கள் கேட்ட பிராண்டு அவர்கள் பட்டியலில் இருக்காது. உங்களுக்கு அந்த மருந்துதான் வேண்டும் என்று டாக்டர் எழுதித் தந்தால், விலக்கு வாங்காத பிளான் அதை இலவசமாகத் தர வேண்டும். அப்பீலுக்கு 180 நாள் இருக்கிறது. பிசிஓடிக்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சீட்டில் நோயின் பெயரை எழுதச் சொல்லுங்கள். விலகிய முதலாளிகளின் சில பிளான்களும் அப்போது பணம் தரும்.

எதுவும் நடக்காவிட்டால் டைட்டில் எக்ஸ் கிளினிக், அதாவது ஃபெடரல் அரசு பணம் தரும் குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக். வருமானத்தைப் பார்த்துக் கட்டணம். பில் வந்துவிட்டவர்கள் உடனே கிரெடிட் கார்டைத் தேய்க்காமல் தவணை கேளுங்கள். 1,140 டாலர் பில் காட்டியவளுக்கு மாதம் 95 டாலராகப் பன்னிரண்டு தவணை கொடுத்தார்கள், அதுவும் மூன்றாவது போனில்.