“மணியடித்தார் தம்பி, அதனால்தான் விழுந்தேன்”

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் காலை, வாக்கரைப் பிடித்துக்கொண்டு முதல் முறையாக எழுந்து நின்ற 78 வயது அம்மா ஒருவர் சொன்னது அது. நான் சிங்கப்பூரில் இயன்முறை மருத்துவன். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்பது என் வேலையின் ஒரு பகுதி. குளியலறை, ஈரத்தரை, பஸ் படிக்கட்டு என்று பதில்கள் வரும். மணியால் விழுந்தேன் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

சைக்கிள் அவர்மீது படவே இல்லை. நடப்பவர்களும் சைக்கிள்களும் பகிர்ந்துகொள்ளும் கால்வாயோரப் பூங்கா இணைப்புப் பாதையில் காலை நடை போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த இளைஞர் மணியடித்தார். யார் என்று பார்க்க அம்மா திரும்பினார், கால் பின்னியது, பக்கவாட்டில் சாய்ந்தார். இளைஞர் ஓடிப்போய்விடவில்லை. 995ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். “பாவம், நல்ல பிள்ளை. மணியடித்துத்தானே வந்தார்” என்று அம்மா அவருக்காக வாதாடினார்.

எனக்குக் குறுகுறுத்தது. நானும் வேலைக்கு சைக்கிளில் போகிறவன். காலாங் ஆற்றை ஒட்டி, கோலம் ஆயர் வழியாகப் போகும் பாதை என்னுடையது. பத்து ஆண்டுகளாக நானும் அப்படித்தான் மணியடித்துக்கொண்டிருந்தேன். அடித்துவிட்டால் கடமை முடிந்தது, இனி விலகுவது அவர்கள் பொறுப்பு என்ற நினைப்பு.

முதியவரின் காதில் அந்த மணி என்ன ஆகிறது என்று பாருங்கள். வயதாகும்போது கேட்கும் திறன் எல்லா ஒலிகளிலும் ஒரே மாதிரி குறைவதில்லை. கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் முதலில் போகின்றன. சைக்கிளின் சின்னப் பித்தளை மணி எழுப்புவது அந்த வகை ஒலிதான். தொலைவில் அடித்தால் அவருக்குக் கேட்பதே இல்லை. கேட்கும் அளவுக்கு அருகில் வரும்போது, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் முதுகுக்குப் பின்னால் திடீரென்று ஒலிக்கிறது. இரண்டு காதுகளும் சமமாகக் கேட்காதவருக்கு அது இடமா வலமா என்பதும் பிடிபடாது. பிடிபடாததால் திரும்புகிறார்.

அந்தத் திரும்பல்தான் சிக்கல். உங்களுக்கும் எனக்கும் கழுத்து மட்டும் திரும்பும். 75 வயதைத் தாண்டிய பலருக்குக் கழுத்து அவ்வளவு தூரம் வளையாது. தோள், இடுப்பு, கடைசியில் பாதமும் சேர்ந்து திரும்ப வேண்டும். நடந்துகொண்டே அப்படித் திரும்பினால் ஓர் அடி பக்கவாட்டில் விழும். நீங்கள் கடந்து போகலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த இடம் அதுதான். பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் நேராக நடப்பதைவிடத் திரும்பும்போதுதான் அதிகம் தடுமாறுகிறார்கள். பக்கவாட்டு விழுகையில் அடியை நேரே வாங்குவது இடுப்பெலும்பு. கையை ஊன்றித் தடுக்க அந்த வயதில் நேரம் கிடைப்பதில்லை.

மணிக்குப் பதில் குரல் கொடுத்தால்? நல்லது, ஆனால் என்ன சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். “வலப்பக்கம் வருகிறேன்” என்று கத்தினால் பாதிப் பேர் வலப்பக்கம்தான் நகர்கிறார்கள். அவர்கள் காதில் விழுந்தது ‘வலம்’ என்ற ஒரே சொல். அது தகவலா கட்டளையா என்று யோசிக்க அவகாசம் இல்லை. நான் இப்போது வெறும் வணக்கம் சொல்கிறேன். தூரத்திலிருந்தே, தாழ்ந்த குரலில், “குட் மார்னிங் அங்கிள்” அல்லது மலாயில் “செலாமாட் பாகி, மாக்சிக்” (காலை வணக்கம், ஆன்ட்டி). ஆளைப் பார்த்துத் தமிழிலும் உண்டு. வணக்கத்துக்கு யாரும் துள்ளி விலகுவதில்லை. பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்பது மட்டும் தெரிகிறது, அது போதும். என் சைக்கிள் நண்பர்கள் இதைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: வேகத்தைக் குறைப்பது. முதலில் பிரேக், பிறகு குரல், பிறகு கடப்பது. பெரும்பாலோர் முதலில் மணி அடிக்கிறோம், ஆள் விலகாவிட்டால் மட்டும் பிரேக் பிடிக்கிறோம்.

கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 7 மீட்டர். எதிரில் ஏதோ நடக்கிறது என்று மூளை உணர்ந்து விரல் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் சைக்கிள் 10 மீட்டர் ஓடியிருக்கும். உலர்ந்த தரையில் அதன் பிறகு நிற்க இன்னும் 8 மீட்டர் போல ஆகும். மொத்தம் 18, அதாவது ஒன்றரை பஸ் நீளம். அதே ஆள் 10 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஐந்தரை மீட்டருக்குள் நின்றுவிடுவார். மோதினால் உடலில் இறங்கும் ஆற்றலோ வேகத்தின் இருமடியாக ஏறும். 10க்கும் 25க்கும் இடையே அது ஆறு மடங்குக்கு மேல். எதிரில் நடக்கும் முதியவர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்களைப் பொறுத்தவரை அவர் ஏறக்குறைய நின்றுகொண்டிருக்கிறார்.

இங்கே சட்டத்தை எடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. “25 வரை அனுமதி இருக்கிறதே.” இருக்கிறது. சிங்கப்பூரின் நடமாட்டச் சாதனச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மிதிவண்டிப் பாதைகளிலும் பூங்கா இணைப்புகள் போன்ற பகிர்வுப் பாதைகளிலும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். சாதாரண நடைபாதையில் முதலில் 15ஆக இருந்தது, 2019 பிப்ரவரியில் 10ஆகக் குறைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையிலிருந்து விலக்கப்பட்டன. 2025 ஜூலை 1 முதல், மிதிவண்டிப் பாதையை ஒட்டியே நடைபாதையும் இருக்கும் இடங்களில், நடப்பவர்களுக்கு மட்டும் என்று குறியிட்ட பகுதியில் சைக்கிள் ஏறக் கூடாது. இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று தெரியும். நாம் தானாகக் குறைத்துக்கொள்ளாததை ஒவ்வொன்றாகச் சட்டம் குறைத்துக்கொண்டு வருகிறது. மேலும் 25 என்பது உச்ச வரம்பு, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் எட்ட வேண்டிய இலக்கு அல்ல. வேகம் வேண்டுமா, விடியற்காலைச் சாலை இருக்கிறது. தலைக்கவசத்தோடு அங்கே போங்கள், நானும் வருகிறேன். பாதையில் எடுத்த வேகத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிந்து பெருமைப்படுபவர்களைப் பார்த்தால், வரிசையில் முந்தியதற்குப் பதக்கம் கேட்பவர்களைப் போலத் தோன்றுகிறது.

அகலத்தையும் நாம் தப்பாகவே மதிப்பிடுகிறோம். இரண்டு மீட்டர் பாதையில் இருவர் பேசிக்கொண்டே தோளோடு தோள் நடந்தால் ஒன்றேகால் மீட்டர் போய்விடும். சைக்கிளின் கைப்பிடி 60 சென்டிமீட்டருக்கு மேல். மிச்சம் ஒரு சாண்கூட இல்லை. அவர்கள் ஓர் அடிகூடத் தடம் மாறாமல் நடந்தால்தான் அந்தக் கணக்கும் செல்லும், பேச்சு சுவாரசியமானால் யாரும் அப்படி நடப்பதில்லை. இடம் இல்லையென்றால் இடம் வரும்வரை பின்னால் போக வேண்டியதுதான். கூட்டம் மிகுந்துவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். மேம்பாலத்துக்கு அடியில் தாழ்ந்து வளையும் திருப்பங்கள், பஸ் நிறுத்தத்தின் பின்புறம், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத் தூண்களுக்கு நடுவே – இங்கெல்லாம் எதிரில் வருபவர் தூணுக்கும் சுவருக்கும் பின்னாலிருந்துதான் முளைப்பார்.

குழந்தைகளும் நாய்களும் வேறு கதை. பாதையின் ஒரு பக்கம் குழந்தை, மறுபக்கம் தாய் என்றால், சைக்கிளைப் பார்த்ததும் குழந்தை ஓடுவது தாயிடம்தான், உங்களுக்கு நேர் குறுக்கே. புதிதாக சைக்கிள் கற்கும் குழந்தையை நீங்கள் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்கும், பார்த்த பக்கமே வண்டியும் திரும்பும். நாய் ஒரு பக்கம், உரிமையாளர் மறுபக்கம் என்றால் நடுவில் ஒரு மெல்லிய கயிறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்.

நடப்பவர்களுக்கும் சொல்ல ஒன்றிரண்டு உண்டு. இரண்டு காதிலும் இயர்ஃபோனை அடைத்துக்கொண்டு பாதையின் நடுவில் நிற்பது, நால்வர் கைகோத்து அகலமாக நடப்பது, இதெல்லாம் எரிச்சலூட்டும்தான். ஆனால் என் படுக்கைப் பிரிவில் எரிச்சலால் எலும்பு முறிந்து வந்தவர் யாரும் இல்லை.

விழுந்த பிறகு நடப்பவை பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் தாமதங்களை அதிகம் பார்க்கிறேன்.

சைக்கிளோட்டி கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டைச் சோதியுங்கள். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தெரியும். அங்கே அழுத்தி வலித்தால் ஸ்காஃபாய்டு என்ற மணிக்கட்டு எலும்பில் முறிவு இருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். “எக்ஸ்ரே சுத்தம்” என்று சொல்லிவிட்டார்கள் என்று விட்டுவிடாமல், வலி நீடித்தால் பத்து, பதினான்கு நாளில் மறுபடி காட்டுங்கள். அந்தச் சின்ன எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. சரியாகச் சேராவிட்டால் நெடுநாள் தொல்லை.

முதியவர் விழுந்தார், எழுந்து தட்டிவிட்டு “ஒன்றுமில்லை” என்கிறார் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறாரா? ஆம் என்றால், தலையில் அடிபட்டதா என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மண்டையோட்டுக்குள் மெல்லக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்துக்கூட வெளிப்படும். தலைவலி, குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கம், நடையில் தள்ளாட்டம். “வயசாகிவிட்டது, மறதி” என்று வீட்டில் எடுத்துக்கொண்டுவிடுவார்கள், மூன்று வாரத்துக்கு முன்னால் பாதையில் விழுந்தது யாருக்கும் நினைவு இருக்காது. இடுப்பிலோ தொடையிலோ வலியென்றால் தூக்கி நிறுத்த முயலாதீர்கள். அப்படியே படுக்க விட்டு 995ஐ அழையுங்கள். மோதியவர் நிற்க வேண்டும், உதவ வேண்டும், விவரங்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பது சட்டப்படியும் கட்டாயம்.

எலும்பு முறியாதவர்களிடமும் ஒரு சேதம் நடக்கிறது. ஒரு தடவை சைக்கிள் உரசுவதுபோல் போனால் போதும், சிலர் அந்தப் பாதைக்கே வருவதை நிறுத்திவிடுகிறார்கள். காய்கறி, மீன் வாங்கும் ஈரச்சந்தைக்கும் லிஃப்டுக்கும் இடையே வாழ்க்கை சுருங்குகிறது. நடை குறையக் குறையத் தொடைத் தசை கரைகிறது, சமநிலை கெடுகிறது, ஆறு மாதம் கழித்து வீட்டுக் கூடத்திலேயே விழுகிறார்கள். என்னிடம் வரும்போது காரணம் ‘தரைவிரிப்பு தடுக்கியது’ என்று பதிவாகும்.

அந்த அம்மாவை மறுபடி பாதைக்கு அழைத்துப் போக நான்கு மாதம் ஆனது. திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன்: முதலில் நில்லுங்கள், பிறகு கைப்பிடிக் கம்பியைப் பிடியுங்கள், பிறகு திரும்புங்கள். முதல் நாள் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன். பின்னால் ஒரு மணி ஒலித்தது. அவர் நின்றார், கம்பியைப் பிடித்தார், திரும்பினார், வந்தவருக்குக் கை காட்டி அனுப்பிவைத்தார். போன வாரம் மறுபடி பார்த்தேன். தனியாக வந்திருந்தார், வலக்கையில் மடக்கிய நீளக் குடை ஒன்று பாதைக்குக் குறுக்கே நீட்டியபடி இருந்தது. வானம் வெளுத்திருந்தது. “மழை வருமா அம்மா?” என்றேன்.

“மழைக்கு இல்லை தம்பி,” என்றார். “உங்களுக்கு.”