12 டிகிரிதானேன்னு கெளம்பிராதீங்க

எங்க அக்காவும் அத்தானும் நவம்பர் நடுவுல நியூயார்க் போறாங்க, மக அங்கதான் இருக்கா, பத்து நாள் இருந்துட்டு வரலாம்னு திருவனந்தபுரத்துல இருந்து டிக்கெட் போட்டாச்சு. போன ஞாயித்துக்கெழமை செங்கோட்டை வீட்ல கட்டில் மேல பெட்டியைத் தொறந்து வச்சு அடுக்கிட்டு இருந்தா அக்கா. நாலு காட்டன் சேலை, ஆளுக்கொரு ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லா. "குளிருக்கு இவ்ளோதானாக்கா?"ன்னு கேட்டேன். போனை நீட்டுறா, "பகல்ல 12 டிகிரின்னு போட்ருக்கு, மூணாறுல நாம பாக்காததா தம்பி?"

அந்த 12 பொய் இல்ல. நியூயார்க்ல நவம்பர் சராசரி பகல்ல 12, ராத்திரி 6 வாக்குலதான் வரும், சென்ட்ரல் பார்க்ல 1869ல இருந்து அளந்து எழுதிட்டு வாராங்க. ஆனா சராசரின்னு ஒரு நாள் காலண்டர்ல கெடையாதுல்ல. ஒரு நாள் 18 இருக்கும், சட்டையோட நடக்கலாம், ரெண்டே நாள்ல மூணு நாலுன்னு எறங்கிரும். நமக்கு ஐப்பசி கார்த்திகைன்னா மழை எப்ப வரும் எப்ப விடும்ங்கிறதுதான் கேள்வி, குளிர் பெருசா ஏறி எறங்காது. அங்க அப்படி இல்ல.

காரணம் சூரியன்ல ஆரம்பிக்குது. நவம்பர் 20 வாக்குல நட்டநடு மத்தியானம் செங்கோட்டைல சூரியன் தரையில இருந்து 61 டிகிரி உயரத்துல நிக்கும், நியூயார்க்ல 30 டிகிரிதான், அதாவது நமக்குச் சாயங்கால வெயில் மாதிரி சரிஞ்சு விழும், பகலும் ஒம்பதே முக்கால் மணி நேரம்தான். அதுக்கும் வடக்கே கனடா இன்னும் வேகமா குளிர்ந்துட்டு வருது, தெக்கே மெக்சிகோ வளைகுடா தண்ணியோ கோடைச் சூட்டை இன்னும் விடல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்தாலதான் மேலே 9, 10 கிலோமீட்டர் உயரத்துல ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து ஆறா ஓடுது, மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகமெல்லாம் சாதாரணம். வடக்குக் குளிருக்கும் தெக்குச் சூட்டுக்கும் அதுதான் வரப்பு. கோடையில அது கனடா பக்கம் ஒதுங்கிரும், குளிர்காலம் நெருங்க நெருங்க தெக்கே எறங்கி வந்து பாம்பு மாதிரி நெளியும், நெளிவு தெக்கே சரிஞ்சா ஊர் கனடா காத்துக்குள்ள, வடக்கே ஏறுனா தெக்கத்தி காத்துக்குள்ள. ஊர் நகரல, வரப்பு நகருது.

குளிர் காத்து முட்டிட்டு வர்ற அந்த முன் விளிம்பைத்தான் கோல்ட் ஃப்ரன்ட்னு சொல்றாங்க. அது தாண்டும்போது மழை கொட்டும், அப்புறம் வானம் பளிச்சுனு ஆயிரும். இங்கதான் நம்ம ஆளுக ஏமாறுவாங்க, ஏன்னா நம்ம ஊர்ல மழை விட்டு வெயில் வந்தா புழுக்கம்தானே. அங்க மழை விட்டு நீலவானம் தெரிஞ்சா அர்த்தமே வேற, காத்து வடமேக்குக்குத் திரும்பியாச்சு, கனடா காத்து வந்து சேந்துருச்சு. ஜன்னல் வழியா வெயிலைப் பாத்து ஸ்வெட்டரைக் கழட்டிப் போட்டுட்டு எறங்குனா அவ்ளோதான்.

இந்த வடமேக்குக் காத்தை செங்கோட்டைக்காரங்களுக்கு வெளக்குறது ஈசி. சாரல் சீசன்ல புளியரை பக்கம் பைக் ஓட்டிருக்கீங்கல்ல? ஆரியங்காவு கணவாய்ல ரெண்டு பக்கமும் மலை, வர்ற காத்துக்கு வேற வழி இல்ல, நெருக்கிக்கிட்டு வேகம் பிடிச்சு பொளேர்னு நம்ம மேல விழும். நியூயார்க்கோட மையமா இருக்குற மன்ஹாட்டன் தீவுல அந்த மலைக்குப் பதிலா கட்டடம். 1811ல போட்ட பிளான்படி தெருவையெல்லாம் கட்டம் கட்டமா போட்டாங்க, ஆனா அந்தக் கட்டம் நேர் வடக்கு தெக்கா இல்ல, தீவோட வாக்குக்குத் தக்க 29 டிகிரி திரும்பியிருக்கு. அதனால குறுக்குத் தெருவெல்லாம் மேக்கு வடமேக்கைப் பாத்து வாயைத் தொறந்துட்டு நிக்குது, ஹட்சன் ஆத்து மேல வர்ற காத்து நேரா உள்ள பூந்துரும். இது போதாதுன்னு, உயரத்துல வேகமா வீசுற காத்து பெரிய கட்டடத்து செவுத்துல மோதி அப்படியே கீழே சறுக்கி நடைபாதைக்கு வரும். 1902ல கட்டுன ஃப்ளாட்அயர்ன் பில்டிங் முக்கு இந்தக் காத்துக்குன்னே பேர் போனது.

காத்தடிச்சா ஏன் குளிருது, தெர்மாமீட்டர் அதே நம்பர்தானே காட்டுது? நம்ம தோலை ஒட்டி மெல்லிசா ஒரு காத்துப் படலம் உடம்புச் சூட்டுல வெதுவெதுன்னு இருக்கும், அதுதான் நமக்குப் போர்வை. காத்து அந்தப் போர்வையை உருவிட்டே இருக்கும், உடம்பு புதுசு புதுசா சூடாக்கிட்டே இருக்கணும். இதைக் கணக்கு போட 2001ல அமெரிக்காவும் கனடாவும் சேந்து ஒரு ஃபார்முலா கொண்டு வந்தாங்க, ஆளுங்களைக் குளிர் காத்துல நடக்க விட்டு முகத்துச் சூடு எவ்ளோ போகுதுன்னு அளந்து பண்ணது. அதுல போட்டுப் பாத்தா 5 டிகிரியும் மணிக்கு 30 கிலோமீட்டர் காத்தும் இருந்தா ஒடம்புக்கு 0 டிகிரி மாதிரி இருக்கும். அக்கா முன்னாடியே போன்ல போட்டுக் காட்டினேன், குல்லாவை எடுத்து மறுபடி மடிச்சு வச்சா, ஒண்ணும் சொல்லல.

அடுத்தது ஈரம். தண்ணி காத்தை விட கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். காட்டன் தண்ணியையும் வேர்வையையும் உறிஞ்சி வச்சுக்கிட்டு ஒடம்போட ஒட்டிக்கும், நம்ம வெக்கைக்கு அது வரம், அங்க அதுவே எதிரி. கம்பளி தன் எடையில 30 சதவீதம் வரை ஈரத்தை இழுத்தாலும் நனைஞ்ச மாதிரியே தெரியாது. அதனால உள்ளே ஒட்டுன மாதிரி தெர்மல்னு சொல்ற குளிருக்கான உள்ளாடை ஒண்ணு, நடுவுல கம்பளி, மேல காத்தும் மழையும் பூராத ஒரு ஜாக்கெட். காசு செலவழிக்கணும்னா அந்த மேல் ஜாக்கெட்டுக்கும் நனையாத ஷூவுக்கும் செலவழிங்க, குண்டு ஸ்வெட்டர் ரெண்டு வாங்குறதை விட இது எவ்ளோவோ மேல். கடை, ரயில் பெட்டி எல்லாத்துக்குள்ளயும் ஹீட்டர் போட்டு வச்சிருப்பாங்க, ஒரே ஒரு கனத்த உடுப்பா போட்டா உள்ள போனதும் வேர்த்து நனைஞ்சு வெளிய வந்து நடுங்கணும், அடுக்கா போட்டா கழட்டிக்கலாம். சேலை கட்டணும்னு ஆசைப்பட்டா கட்டலாம், உள்ள தெர்மல் பேன்ட் போட்டுக்கிட்டு.

அத்தான் ஒரு நோட்டுல பத்து நாளுக்கும் தேதி வாரியா எழுதி வச்சிருந்தார், 17ம் தேதி சுதந்திர தேவி சிலை, 18 எம்பயர் ஸ்டேட் கட்டடம்னு. அதை மாத்தச் சொன்னேன். 1961ல எட்வர்ட் லோரன்ஸ்னு ஒரு வானிலை விஞ்ஞானி கம்ப்யூட்டர்ல 0.506127ன்னு போட வேண்டிய எடத்துல 0.506ன்னு போட்டார், அந்தத் துளி வித்தியாசம் வளந்து வளந்து வேற வானிலையே வந்து நின்னுச்சு. வானத்தை எவ்ளோ அளந்தாலும் அந்தத் துளி மிச்சம் இருக்கும். அதனாலதான் ஐரோப்பிய வானிலை மையம் ஒரே கணிப்பை கொஞ்சங் கொஞ்சம் மாத்தி 51 தடவை ஓட்டிப் பாக்குது, 51ம் ஒத்துப் போனா நம்பலாம், ஆளுக்கொரு பக்கம் போனா நம்ப முடியாது. மூணு நாள் முன்னாடி சொல்றதை வச்சு தைரியமா கெளம்பலாம், அஞ்சு நாள்னா பரவால்ல, பத்து நாளைக்கு அங்கிட்டு சொல்றதை வச்சு டிக்கெட் எடுக்காதீங்க. 30 சதவீதம் மழைன்னா லேசா தூறும்னு அர்த்தம் இல்ல, இதே மாதிரி பத்து நாள்ல மூணு நாள் அந்த எடத்துல மழை பெய்யும்னு அர்த்தம்.

இப்ப நோட்டுல தேதி இல்ல, ரெண்டு பக்கம்தான். ஒரு பக்கம் வெளிய பாக்குறது, சிலைக்குப் போற படகு, எம்பயர் ஸ்டேட் 86வது மாடி தொறந்த வெளி, பார்க். இன்னொரு பக்கம் மியூசியம். ஃப்ரன்ட் மழை வர்ற அன்னைக்கு மியூசியம், மறுநாள் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்போது 86வது மாடி, ஆனா எல்லா அடுக்கையும் போட்டுக்கிட்டு. படகை காத்து அடங்குற மூணாவது நாளுக்கு வச்சுக்கலாம். எதுவா இருந்தாலும் காலைல கெளம்பிரணும், நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிருவாங்க, நாலரை மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துரும்.

கடைசியா அக்கா கேட்டது, "வீட்டுக்குள்ள இருந்தா ஒண்ணுமில்லல்ல?" குளிர் இல்லக்கா, வறட்சி இருக்கு. 5 டிகிரி காத்துல கொள்ற நீராவியே கம்மி, அதை உள்ள கொண்டு வந்து 22 டிகிரிக்குச் சூடாக்குனா ஈரப்பதம் 33 சதவீதத்துக்கும் கீழ போயிரும், உதடு வெடிக்கும், கதவுக் கைப்பிடியைத் தொட்டா சுள்ளுனு ஷாக் அடிக்கும். உடனே ஒரு தேங்காண்ணெய் பாட்டிலை எடுத்து சேலைக்கு நடுவுல வச்சா. அது 24 டிகிரிக்கு கீழ உறைஞ்சிரும், அந்த வீட்டுக்குள்ளயும் உறைஞ்சேதான் கெடக்கும், ஒடுக்கமான வாய் உள்ள பாட்டில்ல இருந்து வராது. அகல வாய் டப்பாவுக்கு மாத்தி விரலால வழிச்சு உள்ளங்கையில தேச்சா உருகிரும்னு சொல்லி, அடுக்களையில இருந்து ஒரு டப்பா தேடிக் குடுத்துட்டு வந்தேன்.