ஏ4 பக்கத்தைச் செல்போனுக்குள் திணிக்காதீர்கள்

பிளஸ் டூ இயற்பியல், வேதியியல் குறிப்புகளைச் செல்போனில் படிக்கத் தோதாக வடிவமைப்பது என் வேலை. கைக்கு வருபவை பெரும்பாலும் ஏ4 அளவு பிடிஎஃப் கோப்புகள்தான். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். செல்போன் திரை ஏறக்குறைய 70. அதாவது 12 பாயின்ட் எழுத்து 4 பாயின்ட் ஆகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியே கண்ணுக்குத் தெரியாது. “பெரிசு பண்ணிப் பார்க்கலாமே” என்பார்கள். பார்க்கலாம், ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் இழுத்துக்கொண்டே!

கதை என்றால் ஓர் எழுத்து மங்கினாலும் ஊகித்துப் போய்விடலாம். அறிவியலில் நடக்காது. ஒளியின் திசைவேகம் வினாடிக்கு 3 × 10⁸ மீட்டர். இதை வேர்டிலிருந்து எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், மேலே இருந்த 8 பெரும்பாலும் கீழே இறங்கி 3 × 108 ஆகிவிடும். பெருக்கினால் 324. காற்றில் ஒலியே அதைவிட வேகமாகப் போகும்! எலக்ட்ரானின் மின்னூட்டம் இன்னும் மோசம்: 1.6 × 10⁻¹⁹ கூலூம் என்பது 1.6 × 10-19 ஆகிவிடும். கணக்குப் போடுகிற பிள்ளை அதைக் கழித்தல் என்றுதானே எடுத்துக்கொள்ளும்?

எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் ⁸, ⁻, ₂ எல்லாம் தனி எழுத்துகளாகவே இருக்கின்றன. வேர்டின் இன்செர்ட் சிம்பலில் அவற்றை எடுத்துப் போட்டால், எங்கே ஒட்டினாலும் இறங்காது. நீளமான சமன்பாட்டைப் படமாக்கலாம், ஆனால் வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது அழுத்திச் சிறிதாக்கும், சின்னக் குறிகள் கரைந்துவிடும்.

பக்க அகலத்தை வேர்டிலேயே 9 செ.மீ. என வைத்து, ஓர இடைவெளியைக் குறைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். வரிகளை இருபக்கமும் சீராக்க வேண்டாம். ‘மின்காந்தத்தூண்டல்’ போன்ற நீளச்சொல் அடுத்த வரிக்குத் தாவினால் முந்தைய வரி பொக்கைவாய் மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், பாமினி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மட்டும் மாட்டிக் காட்டும் இந்தப் பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதில் ‘அமிலம்’ என்று தேடினால் எதுவும் கிடைக்காது. நகலெடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் அந்தக் குப்பையைத்தான் உரக்கப் படிக்கும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு சமன்பாடுகளை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள், அவை சிதைந்திருக்கும்.

மின்சுற்றுப் படங்களுக்கு வெள்ளைப் பின்னணி நிரப்பியே சேமியுங்கள். பின்னணி இல்லாத படத்தின் கறுப்புக் கோடுகள் டார்க் மோடில் மறைந்துவிடும்.