கடைசி வண்டிக்குக் காத்திருக்காதீர்கள்

செங்கோட்டை – புனலூர் மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) ரயில் பாதையை 2010 செப்டம்பரில் மூடினார்கள். கடைசி ஓட்டத்துக்கு நானும் கேமராவோடு போயிருந்தேன். நானூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாலை, பேனர், செல்போன் தூக்கிய கைகள். தினமும் அந்த வண்டியில் போய்வந்த ஒருவர் முகம்கூட என்னிடம் இல்லை. அன்று ஓடியது டீசல்தான், நீராவிகூட இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்.

கல்யாணமும் கம்பெனி வேலையும் படமெடுத்துப் பிழைப்பவன் நான். "மறையப்போவதைப் பதிவு பண்ணணும் சார்" என்று வருகிற பிள்ளைகளுக்கு முதலில் ஓ. வின்ஸ்டன் லிங்கின் படங்களைக் காட்டுவேன்.

அவரும் நம்மைப் போலத்தான், நியூயார்க்கில் விளம்பரப் புகைப்படம் எடுத்தவர். 1955 ஜனவரியில் ஏர் கண்டிஷனர் படமெடுக்க வர்ஜீனியா போன இடத்தில், நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் நீராவி இஞ்சின்களிடம் மனதைப் பறிகொடுத்தார். மற்ற பெரிய ரயில்வேக்கள் டீசலுக்குத் தாவிக்கொண்டிருந்த நேரம். நிலக்கரி ஏற்றியே சம்பாதித்த இந்த ரயில்வே நீராவியை விடவில்லை. 1960இல் அங்கும் முடிந்தது. அதுவரை சொந்தக் காசில் திரும்பத் திரும்பப் போனார். 2,000க்கும் மேல் நெகட்டிவ் சேர்ந்தது.

பெரும்பாலும் இரவில்தான் எடுத்தார். பகலில் சூரியன் நிற்கும் இடம் நம் பேச்சைக் கேட்காது. இரவில் வெளிச்சம் முழுக்க நம் கையில். கறுப்பு வானத்தில் ஃப்ளாஷ் பட்ட நீராவி பஞ்சுப்பொதி மாதிரி நிற்கும். அந்தக் காலத்து ஃப்ளாஷ் பல்பு ஒருமுறை எரிந்தால் குப்பைதான். பல்புகளை நம் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி வரிசையாகக் கோத்திருந்தார். ஒன்று கெட்டாலும் எதுவும் எரியாது. வண்டியும் ஒருமுறைதான் கடக்கும். நாமானால் பட்டனை அழுத்திப் பிடித்து, பர்ஸ்ட்டில் தொடர்ச்சியாக முப்பது படம் தட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம்.

இஞ்சினை மட்டும் எடுத்திருந்தால் இவரை நான் காட்டியிருக்க மாட்டேன். ஒரு படத்தில் வரவேற்பறை நாற்காலியில் ஒரு அம்மா, ஜன்னலில் கையசைக்கும் பையன், வெளியே ரயில். இன்னொன்றில் பாலத்தில் வண்டி போக, கீழே ஓடையில் பிள்ளைகள் குளிக்கிறார்கள். 1956இல் மேற்கு வர்ஜீனியாவின் இயேகரில் எடுத்தது திறந்தவெளி சினிமா: முன்னால் காருக்குள் ஒரு ஜோடி, திரையில் விமானம், ஓரமாகப் புகை கக்கிப் பாயும் சரக்கு வண்டி. நாற்பதுக்கும் மேற்பட்ட பல்புகள் எரிந்த வெளிச்சத்தில் திரை வெளுத்துவிட, விமானத்தை வேறொரு நெகட்டிவிலிருந்து சேர்த்தார். சேர்த்ததில் எனக்குக் குறையில்லை. நீங்களும் சேருங்கள், ஆனால் சேர்த்ததாகப் படத்தடியில் எழுதிவிடுங்கள்.

ஆள், ஊர், தேதி, வண்டி எண் நான்கையும் அன்றிரவே குறித்துக்கொள்ளுங்கள். மறுவாரம் நினைவில் இருக்காது. தண்டவாளத்துக்குள் இறங்காதீர்கள். லிங்க் ரயில்வேயிடம் அனுமதி வாங்கி, ஊழியர்கள் துணையோடுதான் வேலை செய்தார்.

மேட்டுப்பாளையம் – குன்னூர் ஏற்றத்தில் இன்றும் நீராவி ஓடுகிறது. எல்லோரும் இஞ்சினைச் சுற்றித்தான் நிற்பார்கள். அதுவோ பின்னாலிருந்து தள்ளும். பெட்டிக்குப் பெட்டி முன்மேடையில் பிரேக் பிடிக்கும் ஊழியர், ஒரு பிரேக்ஸ்மேன், வருவார். விழா எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை போய், அவரிடம் கேட்டுவிட்டு அவரை எடுங்கள்.